பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த மூன்று வரிகள்

1/
கொஞ்சம் நீளமான இழை இது. டீ போட்டு வச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

போன மாதம் ஓர் அக்கா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மாவுக்கு 62 வயது. மார்பகத்தில் கட்டி. வேறொரு ஊரில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. "அடுத்து என்ன பண்ணணும் டாக்டர்?" என்று கேட்டார்.

கையில் ஒரு துணிப்பை. ஸ்கேன், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, மெடிக்கல் ஷாப் பில் வரைக்கும் எல்லாம் அதில் இருந்தது. நான் தேடிய ஒரு தாள் மட்டும் இல்லை.

2/
அந்தத் தாளில் மூன்று வரிகள் இருக்கும்.

ஈ.ஆர். – பாசிட்டிவா, நெகட்டிவா?
பி.ஆர். – பாசிட்டிவா, நெகட்டிவா?
ஹெர்-2 – பாசிட்டிவா, நெகட்டிவா?

"அதுவா டாக்டர்? ஏதோ டெஸ்ட்டுக்குத் தனியா பணம் கட்டணும்னாங்க. கட்டியைத்தான் எடுத்தாச்சே, இனிமே எதுக்குன்னு விட்டுட்டோம்" என்றார் அந்த அக்கா.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இந்த இழை. அந்த மூன்று வரிகள் எங்கிருந்து வந்தன, அவை இல்லாத காலத்தில் பெண்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பார்ப்போம். நூறு வருஷத்துக்கும் மேலான கதை.

3/
கதை தொடங்குவது ஸ்காட்லாந்தில்.

1876. ஜார்ஜ் பீட்சன் என்ற இளம் டாக்டர், பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, தாய்ப்பால் சுரப்பு. அதற்காகப் படிக்கும்போது ஒரு தகவல் கண்ணில் படுகிறது. சில நாடுகளில் விவசாயிகள், கன்று போட்ட பசுவின் சினைப்பைகளை எடுத்துவிடுவார்களாம். அப்படிச் செய்தால் பால் நிற்காமல் நீண்ட நாள் வருமாம்.

பீட்சனுக்கு ஆச்சரியம். சினைப்பை அடிவயிற்றில் இருக்கிறது. மடி எங்கேயோ இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நேரடி நரம்புத் தொடர்பு கிடையாது. அப்புறம் எப்படி இது அதைக் கட்டுப்படுத்துகிறது?

ஞாபகம் வச்சுக்கோங்க, ஈஸ்ட்ரோஜன் அப்போது யாருக்கும் தெரியாது. "ஹார்மோன்" என்ற சொல்லே 1905-ல்தான் வந்தது.

4/
கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, 1895. பீட்சன் இப்போது கிளாஸ்கோ நகரின் புற்றுநோய் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர். 33 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மார்பகத்தை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ஆனால் நோய் நெஞ்சுச் சுவரில் திரும்ப வந்துவிட்டது. இனி அறுவை சிகிச்சைக்கும் வழியில்லை.

பீட்சனுக்குப் பழைய பசுமாட்டு விஷயம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணிடமும் கணவரிடமும் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கி, இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்.

எட்டு மாதத்தில் நெஞ்சில் இருந்த கட்டிகளின் தடமே இல்லை. 1896-ல் லேன்செட் இதழில் இதை எழுதினார். அந்தப் பெண் அதன்பிறகு நான்கு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்தார். நோய் கடைசியில் திரும்பத்தான் செய்தது. ஆனாலும் அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

5/
செய்தி பரவியது. பல டாக்டர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். 1900-ல் லண்டனைச் சேர்ந்த ஸ்டான்லி பாய்ட் என்ற சர்ஜன், அதுவரை செய்யப்பட்ட 54 அறுவை சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தார்.

மூன்றில் ஒருவருக்குப் பலன் இருந்தது. மீதி இரண்டு பேருக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

எந்த ஒருவர்? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லை. இந்த ஒரு கேள்வி எழுபது வருஷம் பதில் இல்லாமல் நின்றது.

இது வெறும் புள்ளிவிவரம்னு கடந்து போயிடாதீங்க. மூன்று பெண்களுக்கும் வயிற்றைத் திறந்தார்கள். மூன்று பெண்களும் சினைப்பைகளை இழந்தார்கள். 1950-களில் இன்னும் ஒரு படி மேலே போய், சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளையும் எடுத்தார்கள். ஹார்மோனுக்கான இன்னொரு ஊற்று அங்கே இருக்கிறது என்பதால். சிலருக்குத் தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி வரை போனார்கள். பெரும்பாலானவர்கள் அவ்வளவு வலியையும் சும்மாவே தாங்கினார்கள்.

6/
இதற்கிடையே 1923-ல் அமெரிக்காவில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும், சினைப்பையில் இருந்து வருவது ஒரு வேதிப்பொருள்தான் என்று நிரூபித்தார்கள். அதுதான் ஈஸ்ட்ரோஜன்.

சரி, பொருள் கிடைத்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது? ரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் கண், காது, கல்லீரல், கால் என்று எல்லா இடத்துக்கும்தான் போகிறது. மார்பகமும் கருப்பையும் மட்டும் ஏன் அதன் பேச்சைக் கேட்கின்றன?

அன்றைக்கு இருந்த பெரிய தலைகள் எல்லாம், ஈஸ்ட்ரோஜன் ஏதோ ஒரு என்சைமோடு சேர்ந்து வேதிமாற்றம் அடைந்து வேலை செய்கிறது என்று நம்பினார்கள்.

7/
சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற வேதியியலாளர் வேறு மாதிரி யோசித்தார். எல்லாரும் "ஈஸ்ட்ரோஜன் திசுவை என்ன செய்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, "திசு ஈஸ்ட்ரோஜனை என்ன செய்கிறது?" என்று இவர் கேட்டார்.

ஜென்சன் இளவயதில் ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறியவர். அந்தச் சிகரத்தை முதலில் தொட்ட எட்வர்ட் விம்பர், இத்தாலிப் பக்கம் இருந்து பலமுறை முயன்று தோற்று, 1865-ல் சுவிட்சர்லாந்துப் பக்கம் மாறி ஏறித்தான் வென்றார். முட்டி மோதும் வழி சரியில்லை என்றால் மலையின் மறுபக்கம் போ என்று அதிலிருந்து கற்றுக்கொண்டதாக ஜென்சன் சொல்வார்.

8/
மேய்ச்சலுக்குப் போற மாட்டுக்குக் கழுத்துல மணி கட்டி விடுவோம் இல்லையா? எங்கே நிற்குதுன்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சுடலாம். ஜென்சனும் அவருடன் வேலை செய்த ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் ஈஸ்ட்ரோஜனுக்கு அப்படி ஒரு மணியைக் கட்டினார்கள். ட்ரிஷியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன்தான் அந்த மணி.

அதைப் பருவமடையாத பெண் எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் ஊசி போட்டார்கள். ரத்தம், தசை, கல்லீரல் என எல்லா இடத்துக்கும் போன ஈஸ்ட்ரோஜன், கொஞ்ச நேரத்தில் வெளியேறிவிட்டது. கருப்பையிலும் பிறப்புறுப்பிலும் மட்டும் மணிக்கணக்கில் தங்கியது. அதுவும் எந்த வேதிமாற்றமும் அடையாமல், போன மாதிரியே.

அப்படின்னா அங்கே ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடிக்கும் புரதம்தான் ரிசெப்டர். தமிழில் ஏற்பி என்போம்.

9/
1958-ல் வியன்னாவில் ஒரு பெரிய உயிர்வேதியியல் மாநாடு. ஜென்சன் தன் கண்டுபிடிப்பைச் சொல்லப் போனார். அதே நேரத்தில் பக்கத்து அரங்கில், ஈஸ்ட்ரோஜனும் என்சைமும் பற்றிய கூட்டம். கூட்டமெல்லாம் அங்கே. ஜென்சனின் பேச்சைக் கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் அடுத்துப் பேச வேண்டியவர்கள்!

நாம் போட்ட பதிவுக்கு அஞ்சு லைக் வந்தா மனசு உடைஞ்சு போகுது. இவரோட கதையை நினைச்சுக்கோங்க.

10/
பூட்டு, சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஒரு சாவி. எந்த செல்லில் பூட்டு இருக்கிறதோ அந்த செல்தான் திறக்கும். திறந்தால் "வளர், பெருகு" என்ற கட்டளை உள்ளே போகும்.

சில மார்பகப் புற்றுநோய் செல்களில் இந்தப் பூட்டு இருக்கும், சிலவற்றில் இருக்காது. பீட்சனின் நோயாளிக்குப் பூட்டு இருந்திருக்க வேண்டும். சாவி வரும் வழியை அடைத்ததும் கட்டி பட்டினி கிடந்து சுருங்கியது.

ஜென்சன் குழு நோயாளிகளின் கட்டிகளை எடுத்துப் பூட்டை எண்ணத் தொடங்கியது. 1974-ல் அமெரிக்காவின் பெதஸ்டா நகரில், பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ரிசெப்டர் உள்ள கட்டிகளில் பாதிக்கும் மேல் ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்பட்டன. இல்லாத கட்டிகளில் பத்தில் ஒன்றுகூடக் கட்டுப்படவில்லை.

1900-ல் எழுந்த "எந்த ஒருவர்?" என்ற கேள்விக்குக் கடைசியில் பதில் கிடைத்தது. ரிப்போர்ட்டின் முதல் வரி, ஈ.ஆர்., இப்படித்தான் பிறந்தது.

11/
பூட்டு இருந்தும் சிலருக்கு ஏன் பலன் இல்லை? பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தால்?

1975-ல் கேத்ரின் ஹார்விட்ஸும் வில்லியம் மெக்குவயரும் ஒரு வழி சொன்னார்கள். ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் ஒழுங்காக வேலை செய்தால், செல் இன்னொரு ரிசெப்டரையும் தயாரிக்கும். அது புரோஜெஸ்டிரான் ரிசெப்டர். அது இருந்தால், முதல் பூட்டு நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஸ்விட்ச் வேலை செய்யுதான்னு தெரிய பல்பு எரியுதான்னு பார்க்கிற மாதிரி.

இரண்டாவது வரி, பி.ஆர். வந்தாச்சு.

12/
பூட்டு தெரிந்துவிட்டது. வயிற்றைத் திறக்காமல் அதை அடைக்க முடியுமா?

இங்கே ஒரு தோற்றுப்போன மருந்து உள்ளே வருகிறது. 1962-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில், ஆர்தர் வால்போலின் குழுவில் இருந்த டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் ஒரு பொருளைத் தயாரித்தார். நோக்கம், கருத்தடை மாத்திரை. எலிகளில் அருமையாக வேலை செய்தது. பெண்களில் நேர்மாறாகக் கருமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது. கருத்தடைக்குக் கொடுத்தால் கர்ப்பம்தான் நிற்கும்!

அந்தப் பொருள்தான் டமாக்சிஃபென்.

13/
மான்செஸ்டரில் உள்ள கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் என்ற டாக்டர், முற்றிய நிலையில் இருந்த 46 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். 1971-ல் முடிவு வெளியானது. பத்துப் பேருக்கு நல்ல பலன். அன்றிருந்த மற்ற ஹார்மோன் மருந்துகளைவிடத் தொந்தரவும் குறைவு.

46-ல் 10 என்றால் சுமார்தானே என்று தோன்றும். அன்று எந்த நோயாளிக்குப் பூட்டு இருக்கிறது என்று பார்க்காமல் கொடுத்தார்கள், அதை மறந்துவிடாதீர்கள்.

அதன்பிறகு கிரேக் ஜோர்டன் என்ற ஆய்வாளர், இந்த மருந்து ரிசெப்டரை எப்படி அடைக்கிறது, யாருக்கு, எத்தனை காலம் கொடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். பூட்டுக்குள் உடைந்த சாவியைச் செருகி வைத்த மாதிரி, டமாக்சிஃபென் போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான சாவிக்கு இடம் இருக்காது.

14/
1973-ல் பிரிட்டனிலும் 1977-ல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கான பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ளவர்கள் ஐந்து வருஷம் டமாக்சிஃபென் எடுத்தால், மார்பகப் புற்றுநோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. ஈ.ஆர். நெகட்டிவ் என்றால் பலன் பூஜ்யம்.

ஒரே மாத்திரை. ஒருவருக்கு உயிர். இன்னொருவருக்கு, பலன் இல்லாமல் பக்கவிளைவு மட்டும். ரத்தக்கட்டு, கருப்பைப் புற்றுநோய் போன்ற அபாயங்கள் குறைவுதான் என்றாலும், இதற்கு உண்டு. யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது அந்த வரிதான்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இப்போது, உடலில் ஈஸ்ட்ரோஜன் தயாராவதையே தடுக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. அன்று அட்ரினல் சுரப்பியை வெட்டி எடுத்துச் செய்த வேலையை இன்று ஒரு மாத்திரை செய்கிறது.

15/
இனி மூன்றாவது வரி. ஹெர்-2. இது வேறு பாதையில் வந்தது.

ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார். குட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கண் திறந்தன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. செல்களை வளரச் சொல்லும் ஒரு புரதம் அதில் இருந்தது. எபிடெர்மல் குரோத் ஃபாக்டர் என்று பெயர். 1986-ல் ரீட்டா லெவி-மோன்டால்சினியுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் வீட்டுக்குள் இருக்கும் பூட்டு என்றால், வளர்ச்சிக் காரணிகளின் ரிசெப்டர் வாசலில் இருக்கும் காலிங் பெல். செல்லின் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும்.

16/
1982-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ராபர்ட் வெய்ன்பர்க்கின் ஆய்வகம். அங்கே இருந்த இந்திய விஞ்ஞானி லக்ஷ்மி சரண் பாதியும் சக ஆய்வாளர்களும், எலியின் நரம்புக் கட்டியில் இருந்து வந்த ஒரு புற்றுநோய் மரபணுவோடு தொடர்புடைய புரதத்தைக் கண்டார்கள். அந்த மரபணுவுக்கு "நியூ" என்று பெயர். அதன் புரதம் செல்லின் சுவரில், மருந்துக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஆனால் அதற்கு எதிராக மருந்து செய்யலாம் என்று அப்போது யாரும் கிளம்பவில்லை.

கலிஃபோர்னியாவில் ஜெனன்டெக் நிறுவனத்தில் இருந்த ஆக்ஸெல் உல்ரிச், இதன் மனித வடிவத்தை 1985-ல் பிரித்தெடுத்தார். அதுதான் ஹெர்-2. கையில் மரபணு இருக்கிறது. எந்த நோய்க்குச் சொந்தம் என்று தெரியாது.

17/
லாஸ் ஏஞ்சலிஸில் டென்னிஸ் ஸ்லேமன் என்ற டாக்டரிடம் நேரெதிர் நிலைமை. ஃப்ரீசர் நிறைய நோயாளிகளின் கட்டிகள். இரண்டு பேரும் சேர்ந்தார்கள். உங்க மரபணுவை என் கட்டிகள்ல தேடிப் பார்ப்போம் என்பதுதான் ஒப்பந்தம்.

1987-ல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. 189 மார்பகக் கட்டிகளில் 30 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு பல பிரதிகளாகப் பெருகிக் கிடந்தது. ஒரு வாசலில் ஒரு காலிங் பெல் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தால்? வீட்டில் ஓயாத சத்தம்தான். அந்தப் பெண்களுக்கு நோய் வேகமாகத் திரும்பியது, சீக்கிரம் இறந்தார்கள்.

(இன்றைய கணக்குப்படி சுமார் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு ஹெர்-2 பாசிட்டிவ்.)

18/
அந்த பெல்லை மூட ஓர் ஆன்டிபாடி தயாரித்தார்கள். முதலில் கிடைத்தது எலியின் ஆன்டிபாடி. மனித உடல் அதை எதிரியாகப் பார்த்து விரட்டிவிடும். பால் கார்ட்டர் என்ற விஞ்ஞானி அதை மனிதருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். பெயர் ட்ராஸ்டுசுமேப்.

நிறுவனம் தயங்கியது. புற்றுநோய்க்கு ஆன்டிபாடி மருந்து என்பதில் அன்று பலருக்கும் நம்பிக்கை இல்லை. ஸ்லேமன் விடவில்லை. ரெவ்லான் நிறுவனத்தின் நன்கொடை அவர் ஆய்வுக்குக் கைகொடுத்தது.

நோய் பரவிய 469 பெண்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. மருந்து சேர்த்தவர்களின் சராசரி ஆயுட்காலம் 20 மாதத்தில் இருந்து 25 மாதமானது. 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி. 2005-ல், ஆரம்ப நிலையிலேயே கொடுத்தால் நோய் திரும்புவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது என்ற செய்தி வந்தது. ஒருகாலத்தில் டாக்டர்களையே பயமுறுத்திய ஹெர்-2 பாசிட்டிவ், மருந்து உள்ள நோயாக மாறியது. (இதயத்தைக் கொஞ்சம் சோர்வாக்கும் என்பதால், இடையிடையே எக்கோ எடுப்போம்.)

19/
இதில் ஒரு முக்கியமான விஷயம். அந்த 469 பேரும் ஹெர்-2 அதிகம் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பரிசோதிக்காமல் எல்லா மார்பகப் புற்றுநோய் நோயாளிகளுக்கும் கொடுத்திருந்தால், பலன் பெறாத பெரும்பான்மையின் நடுவில் பலன் பெற்றவர்கள் காணாமல் போயிருப்பார்கள். மருந்து உதவாது என்று ஓரமாகக்கூட வைத்திருப்பார்கள்.

மருந்து பாதி, டெஸ்ட் பாதி. இரண்டும் சேர்ந்ததுதான் சிகிச்சை.

விலை? நம் ஊருக்கு அது பெரிய சுவராக இருந்தது. 2014-ல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் இதே மருந்தின் பயோசிமிலர் வடிவத்தை இந்தியாவில் கொண்டுவந்தது. இப்போது வேறு நிறுவனங்களும் தயாரிக்கின்றன. இன்னும் மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பு போல் எட்டாக்கனி இல்லை.

20/
டெஸ்ட் தப்பாகப் போனால் என்ன ஆகும்? அதுவும் நடந்திருக்கிறது.

கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் மாகாணம். 2005-ல், ஈ.ஆர். நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்த ஒரு நோயாளிக்கு மறுபரிசோதனையில் பாசிட்டிவ் வந்தது. டாக்டர்களுக்குச் சந்தேகம். 1997-ல் இருந்து சோதித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் திசுக்களை டொரண்டோவுக்கு அனுப்பி மறுபடி பார்த்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோரின் ரிப்போர்ட் தவறு.

டமாக்சிஃபென் கிடைத்திருக்க வேண்டிய பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. விஷயம் வெளியே வந்தபோது அவர்களில் பலர் உயிரோடு இல்லை. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2009-ல் அறிக்கை வந்தது. ஆய்வகத்தின் தரக்கட்டுப்பாட்டுக் குறைகளை அது அடுக்கிக் காட்டியது.

21/
இந்த டெஸ்ட் சர்க்கரைக்கு ரத்தம் பார்ப்பது போல் இல்லை. கட்டியை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் ஊற வேண்டும். வெறும் உப்புத் தண்ணீரிலோ, டப்பாவில் அப்படியேவோ அரைநாள் கிடந்தால், இருந்த ரிசெப்டர் இல்லாதது போல் காட்டும்.

"கட்டியை நீங்களே லேபுக்குக் கொண்டு போங்க" என்று டப்பாவை உங்கள் கையில் கொடுத்தால், "இதுல ஃபார்மலின் ஊத்தியாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் எழுதி வாங்குங்கள்.

22/
சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

– முடிந்தவரை அறுவை சிகிச்சைக்கு முன்பே, ஊசி பயாப்சியில் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சிலருக்கு முதலில் மருந்து, பிறகு அறுவை சிகிச்சை என்று வரிசையே மாறும்.
– ஈ.ஆர். 1 சதவீதம் செல்களில் இருந்தாலே பாசிட்டிவ் என்றுதான் எடுத்துக்கொள்வோம். அளவு குறைவாக இருந்தால் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.
– ஹெர்-2 ரிப்போர்ட்டில் 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். ஃபிஷ் என்ற அடுத்த டெஸ்ட் வேண்டும். 2+ உடன் நிறுத்திவிடாதீர்கள்.
– நோய் வேறு இடத்தில் திரும்ப வந்தால், முடிந்தால் அங்கிருந்தும் பயாப்சி எடுத்துப் பாருங்கள். ரிசெப்டர்கள் மாறியிருக்கலாம்.

23/
மூன்றும் நெகட்டிவ் என்றால்? ட்ரிப்பிள் நெகட்டிவ் என்போம். மேற்கு நாடுகளைவிட இந்தியாவில் இதன் பங்கு அதிகம். மூன்று பூட்டும் இல்லை என்பதால் இதுவரை சொன்ன மருந்துகள் உதவாது. அதற்காகக் கதை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும் கட்டிகள் இதில் நிறைய. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இம்யூனோதெரபியும் வந்துவிட்டது. நெகட்டிவ் என்பதும் ஒரு பதில்தான். டெஸ்ட்டே பார்க்காமல் இருப்பதுதான் இருட்டு.

24/
அந்த அம்மா என்ன ஆனார்?

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். எடுத்த கட்டியின் துண்டுகளை ஆய்வகத்தில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். பாரஃபின் பிளாக் என்று பெயர். பல வருஷம் கெடாது. அதைக் கேட்டு வாங்கி, வேறு லேபில் கொடுத்துப் பார்க்கலாம். நோயாளி கேட்டால் அதற்கு வழி உண்டு.

அந்த அக்கா பஸ் ஏறிப் போய் பிளாக்கை வாங்கி வந்தார். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. ஈ.ஆர். பாசிட்டிவ். பி.ஆர். பாசிட்டிவ். ஹெர்-2 நெகட்டிவ்.

மற்ற சிகிச்சைகளோடு, இப்போது தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. "இவ்வளவுதானா டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டார். "இவ்வளவுதாம்மா. ஆனா அஞ்சு வருஷம், ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றேன்.

25/
கிளாஸ்கோவில் அந்த 33 வயதுப் பெண் என்ன நடக்கும் என்றே தெரியாமல் மேஜையில் படுத்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் பலனே இல்லாமல் வலியைத் தாங்கினார்கள். அவர்களுக்குக் கிடைக்காத பதில் உங்கள் வீட்டு ஃபைலில் ஒரு தாளில் இருக்கிறது.

ஃபைலைத் திறந்து பாருங்கள். அந்தத் தாள் இருந்தால் போட்டோ எடுத்து போனில் பத்திரப்படுத்துங்கள். இல்லை என்றால் நாளைக்கே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சை முடிவை அவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும், இந்த இழையை வைத்து இல்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இது பயன்படும் என்றால் அனுப்பி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், ஓ.பி. முடிந்ததும் பதில் சொல்கிறேன்.